பதினோராவது பாதை

சுகுமாறன் இதுவரை கண்டுபிடித்த ஓட்டப்பாதைகள் பதினொன்று. அவற்றில் பத்தின்மேல் இப்போது வீடுகள் நிற்கின்றன.

அவருடைய வேலையே அப்படி. பத்தொன்பது வயதில் நில அளவைக் கம்பெனி ஒன்றில் சங்கிலி பிடிக்கும் ஆளாகச் சேர்ந்தார். சங்கிலி போய் நாடா வந்தது. நாடா போய்க் கண்ணாடி வைத்த கம்பு வந்தது. இப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கருவி வந்துவிட்டது. ஆனாலும் எந்தக் கருவி வந்தாலும், அதற்கு முன்னால் ஒருவன் பாராங் கத்தியோடு போய்க் காட்டைக் கழித்து வழி விட வேண்டும். அந்த ஒற்றையடி வெட்டுக்கு மலாயில் ரெந்திஸ் என்று பெயர். முப்பத்தெட்டு வருடங்களாக அவர் ரெந்திஸ் வெட்டுகிறார். காஜாங், செமினி, பாங்கி, ரவாங். வெட்டிய இடத்தில் கல் நடுவார்கள். கல் நட்ட இடத்தில் இரண்டு மூன்று வருடத்தில் ஒரு விளம்பரப் பலகை முளைக்கும். அதில் தாயும் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் சைக்கிளில் போய்க்கொண்டே சிரிப்பார்கள்.

நாற்பத்தைந்து வயது வரை அவர் ஓடியதில்லை. அந்த வருடம் அண்ணன் இராமலிங்கத்துக்குச் சர்க்கரை முற்றி இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் கிடந்தது. அந்தத் தட்டையைச் சுகுமாறன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் தன் ரத்தத்தைக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை பதினாலு, இருக்க வேண்டியதைப் போல இரண்டு பங்கு. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். அவர் ஓட ஆரம்பித்தார்.

தார்ச் சாலையில் மூன்று மாதம் ஓடியதில் முட்டி வீங்கியது. ஒருநாள் வேலை முடிந்து, தானே வெட்டிய ரெந்திஸ் ஒன்றின் வழியாக மலையிலிருந்து இறங்கும்போது கால்கள் தாமாக ஓட ஆரம்பித்தன. மண் தாங்கியது. முட்டி வலிக்கவில்லை. அன்றிலிருந்து மண்ணைத் தவிர வேறு எதிலும் ஓடுவதில்லை என்று வைத்துக்கொண்டார்.

நல்ல மேட்டுப்பாதையைக் கண்டுபிடிக்க அவர் வரைபடம் பார்ப்பதில்லை. மழை விட்ட மறுநாள் மலைக்குப் போவார். தண்ணீர் எங்கே ஓடியது, எங்கே தங்கியது என்று பார்ப்பார். காட்டுப்பன்றித் தடம் எங்கே போகிறதோ அதைப் பிடித்துப் போவார். பன்றி செங்குத்தாக ஏறாது. பிறகு அந்தத் தடத்தில் மெதுவாக ஓடிக்கொண்டே பதினாறாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்வார். மூச்சு அறாமல் முழு வாய்ப்பாடும் சொல்ல முடிந்தால் அது ஓடும் மேடு. எட்டுப் பதினாறுக்கு முன்னாலேயே நின்றுவிட்டால் இன்னொரு பக்கமாகச் சுற்றிப் பார்ப்பார். ஒரு பாதை சரிப்பட ஐந்தாறு மாதம் ஆகும். சரிப்பட்ட பிறகு, அடுத்ததைத் தேடிக்கொண்டே, அதில் ஒரு வருடம் ஓடலாம். பிறகு புல்டோசர் வரும்.

மனைவி மலர் இதை வைத்து அவரைச் சீண்டுவாள். "நீங்க எந்த மலையில கால வச்சாலும் அது வீடாயிடுது. ஒருக்கா நம்ம பேர்ல ஒரு மலையில கால வைங்களேன்."

பத்துப் பாதைகள் அப்படிப் போயின. பதினொன்றாவது போகாது என்று அவர் நம்பினார். அதற்குக் காரணம் இருந்தது.

செமினியில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு மலை. அதன் இந்தப் பக்கச் சரிவு ஒரு டெவலப்பருக்குச் சொந்தம். அந்தப் பக்கச் சரிவு அரசாங்கத்தின் காப்புக்காடு. இரண்டுக்கும் நடுவே முகட்டில் ஓடும் எல்லையை அளந்து கல் நட்டதே அவருடைய கம்பெனிதான். ரெந்திஸ் வெட்டியது அவர். எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இந்தப் பக்கம் எப்படியும் போகும். அந்தப் பக்கத்தை யாரும் தொட முடியாது. ஆகவே எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளை அவர் அந்தப் பக்கத்தில் செலவழித்தார். பிரம்பு முள் கிழித்தது. அட்டை கடித்தது. கடைசியில் ஆறு கிலோமீட்டருக்கு ஒரு பாதை அமைந்தது. முகட்டைத் தாண்டி, ஓர் ஓடையை இரண்டு முறை கடந்து, பெரிய மெரந்தி மரம் ஒன்றை வலப்பக்கமாகச் சுற்றி, மறுபடி முகட்டுக்கே வந்து சேரும். ஓர் இடத்தில்கூட வாய்ப்பாடு அறுபடவில்லை.

ஐம்பத்தேழு வயதில் இனி வேறு மலை தேட வேண்டியதில்லை என்று நினைத்தார். சாகிறவரை இரண்டு காலோடு இருக்க இந்த ஒரு சரிவு போதும்.

அதை யாருக்கும் காட்டாமல் இருந்திருக்கலாம்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஓர் ஓட்டக் குழு அவரோடு வருவது வழக்கம். பன்னிரண்டு பதின்மூன்று பேர். பெரும்பாலும் வங்கி, கிளினிக், வக்கீல் ஆபீஸ். அதை நடத்துகிற ஷாமினி ஒரு பிசியோதெரபிஸ்ட். நான்கு வருடத்துக்கு முன்னால் காஜாங் பக்கத்து மலை ஒன்றில் வழிதெரியாமல் நின்றவளை இவர்தான் கீழே கொண்டுவந்து விட்டார். அன்றிலிருந்து அவருக்கு ஞாயிறு தவறாமல் மெசேஜ் வரும். ஓடி முடித்தால் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் தோசை. அந்த மேசையில் அவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. வேறு எந்த மேசையிலும் அவரை யாரும் வழி கேட்டதில்லை.

"அங்கிள், பாத் நம்பர் டென்னும் போச்சு. வீடு கட்டி கேட் போட்டுட்டாங்க, செக்யூரிட்டி வெரட்டுறான்" என்றாள் ஷாமினி ஒருநாள். "நெக்ஸ்ட் எங்க?"

"இல்லம்மா. இனிமே இல்ல."

"சும்மா சொல்லாதீங்க லா. உங்க ஷூவப் பாருங்க. அந்தச் சேறு பார்க் சேறா?"

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். சுகுமாறனும் தன் காலணியைப் பார்த்துச் சிரித்தார். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "ஒண்ணு இருக்கு" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர்களைக் கூட்டிப்போக வேண்டிய நேரத்தில் கம்பெனி அவரைப் பந்திங்குக்கு அனுப்பியது. எனவே சனிக்கிழமை மாலையில் மலைக்குப் போய் வழி நெடுக ரிப்பன் கட்டி வைத்தார். கையில் இருந்தது கம்பெனி ஸ்டோரின் சிவப்பு ரிப்பன். வேலைக்குக் கட்டுகிற அதே ரிப்பன், அதே முடிச்சு. மரத்தைச் சுற்றி இரண்டு சுற்று, நுனியை உள்ளே விட்டு இழுத்து, ஒரு சாண் வாலைத் தொங்க விட வேண்டும். முப்பத்தெட்டு வருடமாக அவர் விரல்களுக்கு வேறு முடிச்சு தெரியாது.

இந்தப் பக்கச் சரிவில் ஒரு மாதத்துக்கு முன்னால் அவரே வேலைக்காகக் கட்டிய சிவப்பு ரிப்பன்கள் ஏற்கெனவே இருந்தன. கட்டுமானச் சாலை மேலே எப்படி ஏற வேண்டும் என்பதற்கான தடம் அது. முகட்டுக்குச் சற்றுக் கீழே அது முடியும். அவருடைய ஓட்டப்பாதையின் ரிப்பன் அங்கிருந்து நாற்பதடி தள்ளித் தொடங்கியது.

அது அவருக்கும் தெரியும். ஓடி முடித்த பிறகு ரிப்பனை அவிழ்த்துவிடுவதுதான் குழுவின் வழக்கம். கடைசியாக ஓடுகிறவர் அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும். "நீங்க அவிழ்க்க வேணாம், விட்டுடுங்க. நான் திங்கக்கெழம போய் அவிழ்த்துக்கறேன்" என்று ஷாமினியிடம் சொல்லியிருந்தார். அவர்கள் அவிழ்த்தால் ஒன்றிரண்டை விட்டுவிடுவார்கள் என்று பயந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மெசேஜ் வந்தது. "அங்கிள், பெஸ்ட் ரூட் எவர். யு ஆர் எ லெஜண்ட்." பந்திங் கடை ஒன்றில் உட்கார்ந்து அதை மூன்று முறை வாசித்தார். திங்கட்கிழமை காலை அவரை அப்படியே ஜெஞ்சாரோமுக்குப் போகச் சொன்னார்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு ஒன்றை அளக்க வேண்டும், பன்னிரண்டு நாள் வேலை, அங்கேயே தங்கல். மண் வேலை அடுத்த மாதம்தான் என்று அட்டவணையில் இருந்தது. பன்னிரண்டு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது?

திரும்பி வந்த மறுநாள் திங்கட்கிழமை. விடுப்பு. காலை ஏழு மணிக்கு மலை ஏறினார். பாதி தூரத்திலேயே இயந்திரச் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் வேலையை முன்னாலேயே தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு ஏறினார். முகட்டில் நின்றபோதுதான் சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தது.

சரிவு முழுக்கச் செம்மண். லாரி போகிற அகலத்துக்கு ஒரு சாலை முகட்டைத் தாண்டிக் கீழே இறங்கி வளைந்து போனது. வெட்டிய மரங்கள் பள்ளத்தில் தலைகீழாகக் கிடந்தன. அவர் அந்தச் சாலையில் இறங்கி நடந்தார். ஒவ்வொரு வளைவும் வருவதற்கு முன்னாலேயே கால் தானாகத் திரும்பியது. ஓடை வந்தது. குழாய் போட்டு மூடியிருந்தார்கள். அதற்கு அப்பால் மெரந்தி மரம் மட்டும் நின்றது. சாலை அதை வலப்பக்கமாகச் சுற்றிப் போயிருந்தது. மரத்தில் சிவப்பு ரிப்பன் ஒன்று, வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தது.

மரத்துக்கு அந்தப் பக்கம் எக்ஸ்கவேட்டர் நின்றது. ஓட்டுகிறவன் கீழே உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வந்த தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். இவரைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாங்கண்ணே. தமிழாண்ணே? நம்ம ஊரா, இந்த ஊரா?"

"இந்த ஊரு."

"நான் தொண்டி. அமானுல்லா. டீ குடிக்கிறீங்களா, இன்னொரு பாக்கெட் இருக்கு." அவனாகவே பேசினான். பேச ஆள் கிடைக்காமல் பல நாள் இருந்தவன் போலப் பேசினான். "பத்து நாளா இங்கதாண்ணே. ஒரே கொசு. ஆனா லைன் மட்டும் என்னா லைனுங்கிறீங்க! எட்டு வருசமா மெஷின் ஓட்டுறேன், இப்படி ஒருத்தன் ரிப்பன் கட்டிப் பார்த்ததில்ல. மேடு ஏறுதுன்னே தெரியல. மெஷின் ஒரு இடத்துல திணறலையே! எவனோ மலையத் தடவிப் பார்த்துக் கட்டியிருக்கான்ணே."

சுகுமாறன் மரத்தைப் பார்த்தார்.

"இந்த மரத்த ஏன் விட்டே?"

"விடச் சொல்லித்தானே வளைச்சுக் கட்டியிருக்கான். நேராப் போகணும்னா நேராக் கட்டியிருப்பான்ல?"

"தம்பி" என்றார் சுகுமாறன். "நிறுத்து. இது ஹுத்தான் சிம்பான். காப்புக்காடு. முகட்டோட உங்க நெலம் முடிஞ்சுபோச்சு."

அமானுல்லாவின் வாயில் ஸ்ட்ரா அப்படியே நின்றது. "என்னண்ணே சொல்றீங்க? சிவப்பு ரிப்பனப் பிடிச்சிட்டே போன்னுதானே சொன்னாங்க. பாருங்க, அதே ரிப்பன். அதே முடிச்சு. கீழ கட்டின கையும் மேல கட்டின கையும் ஒரே கை. எனக்கு எப்படித் தெரியும்?"

"சூப்பர்வைசருக்கு போன் போடு."

"போடறேன். நீங்க இருங்கண்ணே, சாட்சிக்கு. ரிப்பன் இருக்கிறதப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்" என்றார். ஆனால் இருக்கவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

அன்று பகல் முழுக்கச் சுகுமாறன் வீட்டில் படுத்துக்கிடந்தார். ஓடப்போனவர் ஏன் ஓடாமல் வந்தார் என்று மலர் கேட்டாள். முட்டி என்றார். அவர் கண்ணுக்குள் ஒரே ஒரு படம்தான் இருந்தது. மெரந்தி மரத்தில் தொங்கும் ஒரு சாண் வால். மற்ற ரிப்பனெல்லாம் மண்ணுக்கடியில் போய்விட்டது. அந்த ஒன்று மட்டும் நிற்கிறது. கம்பெனி ரிப்பனைத் திருடி, அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போய், அதை வெட்டுவதற்கு வழி காட்டியவன் யார் என்று அது சொல்லும். ஓய்வுபெறும் அறுபது வயதுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. ஐம்பத்தேழு வயதுக்காரன் கையில் வேறு யார் பாராங்கைக் கொடுப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் மலைக்குப் போனார். மரத்தில் ரிப்பன் இல்லை.

சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கீழே விழுந்திருக்கிறதா என்று மண்ணைக் காலால் கிளறினார். இல்லை. அமானுல்லாவே சாட்சிக்கு எடுத்து வைத்திருப்பான் என்று நினைத்தார்.

பத்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள். டெவலப்பரின் பொறியாளர், மண் வேலை காண்டிராக்டரின் ஆள், இவருடைய கம்பெனியின் களமேற்பார்வையாளர் ஜெயராஜ். ஜெயராஜ் இவரைவிடப் பத்து வயது இளையவன். இவருக்கு அடுத்துச் சேர்ந்து, படித்து, மேலே போனவன். இன்னும் அண்ணே என்றுதான் கூப்பிடுவான். எல்லைக் கற்களைக் காட்டுவதற்காகச் சுகுமாறனையும் வரச் சொல்லியிருந்தான்.

அமானுல்லா எல்லோருக்கும் முன்னால் வேகமாக நடந்தான். "வாங்க சார், காட்டுறேன். மரத்துல இன்னும் இருக்கு. பார்த்தா நீங்களே சொல்லுவீங்க." மெரந்திக்கு வந்ததும் நின்றான். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

"இருந்துச்சு சார்."

"மானா?" என்றார் பொறியாளர் மலாயில். எங்கே?

"சார், சத்தியமா இருந்துச்சு. நேத்து இருந்துச்சு." திரும்பினான். சுகுமாறனைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது. "அண்ணன் பார்த்தாரு சார்! நேத்து இங்கதான் நின்னு பேசிட்டிருந்தோம். அண்ணே, சொல்லுங்கண்ணே. ரிப்பன் இருந்ததுல்ல?"

எல்லோரும் சுகுமாறனைப் பார்த்தார்கள். ஜெயராஜ் மட்டும் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் வந்தேன்" என்றார் சுகுமாறன். "நிறுத்தச் சொன்னேன். ரிப்பன் எதையும் பார்க்கல."

 சரியாகக் காதில் விழவில்லை என்பதுபோல அமானுல்லா தலையைச் சற்று முன்னால் நீட்டினான். பிறகு, "அண்ணே" என்றான். அவ்வளவுதான். காண்டிராக்டரின் ஆள் அவனைத் தோளைப் பிடித்துத் தள்ளி லாரியில் ஏற்றினான். பொறியாளர் கற்களைக் காட்டச் சொன்னார். சுகுமாறன் காட்டினார். ஒரு கல்லும் தப்பவில்லை.

மறுநாளே போய்ச் சொல்லிவிடுவது என்று இருந்தார். காண்டிராக்டரின் யார்டு கிள்ளானில் இருந்தது. அமானுல்லாவை அங்கே கொங்சி என்கிற தொழிலாளர் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள் என்றும், வேலை பெர்மிட்டை ரத்து செய்யப்போகிறார்கள் என்றும் சைட்டில் பேசிக்கொண்டார்கள். புதன்கிழமை வேலை இருந்தது. வியாழக்கிழமை மழை. வெள்ளிக்கிழமை மலரின் தங்கை வீட்டில் விசேஷம். போகாததற்கு ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் தயாராக இருந்தது. ஓட மட்டும் போகவில்லை. சர்க்கரை பதினொன்று காட்டியது, பிறகு பன்னிரண்டு.

"முட்டியக் காட்டுங்க" என்றாள் மலர் ஒருநாள். பிடித்து அமுக்கிப் பார்த்தாள். "வீக்கமே இல்லையே. வேற எங்கயோ வலிக்குது உங்களுக்கு."

அவர் காலை மடக்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் சனிக்கிழமை கிள்ளானுக்குப் போனார். செமினியிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒன்றரை மணி நேரம். யார்டு கேட்டில் இருந்த நேப்பாளி, ஆள் இல்லை என்று கையை விரித்தான். எதிரே இருந்த நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையைக் காட்டினான். அங்கே குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவன் அமானுல்லாவின் ஊர்க்காரன்.

"போயிட்டான்ணே. முந்தாநாள். டிக்கெட் கையில கொடுத்து ஏர்போர்ட்ல கொண்டுபோய் விட்டுட்டாங்க."

"திரும்ப வர மாட்டானா?"

"பேரு கறுப்பு லிஸ்ட்ல விழுந்தாச்சு. எங்க வர?" கரண்டியைத் தட்டி வைத்தான். "பாவி, வீடு பாதி கட்டினதோட நிக்குது. அவன் மேல தப்பே இல்லண்ணே. ரிப்பன் இருந்துச்சாம். பார்த்த ஆளும் இருந்தானாம். நம்ம தமிழ்க்காரன்தான், வயசானவன். நாலு பேரு முன்னாடி நின்னு, பார்க்கலேன்னுட்டானாம். எல்லாத்தயும் மறந்துருவேன், அந்த ஆளு முகத்த மறக்க மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் போனான்."

சுகுமாறன் வாங்கிய தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க யாருண்ணே? அவனுக்கு என்ன வேணும்?"

"தெரிஞ்சவன்" என்றார். தேநீரை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு ஷாமினியிடமிருந்து படங்கள் வந்தன. செம்மண் சாலையில் பன்னிரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பின்னால் மெரந்தி மரம். "அங்கிள், உங்க ரூட்ட யாரோ பெருசாக்கிட்டாங்க! இப்ப நாலு பேரு சேர்ந்தே ஓடலாம், அட்டையும் இல்ல. நீங்க ஏன் வரல? முட்டி இன்னும் வலியா?" அதன்கீழே ஒரு சிவப்பு இதயம். பிறகு இன்னொரு மெசேஜ். "பட் டூ சன்னி லா. நெக்ஸ்ட் ரூட் ஷேடா பாருங்க."

திங்கட்கிழமை காலை காஜாங் ஆபீசுக்கு எல்லோருக்கும் முன்னால் போனார். ஜெயராஜ் ஸ்டோரில் தனியாக நின்று கம்புகளை எண்ணிக்கொண்டிருந்தான். சுகுமாறன் கதவைச் சாத்தினார்.

"ஜெயராஜ், அந்தச் செமினி ரிப்பன்."

"எந்த ரிப்பன்ணே?"

"நான்தான் கட்டினேன். ஓடறதுக்காக."

ஜெயராஜ் எண்ணுவதை நிறுத்தவில்லை. கடைசிக் கம்பையும் எண்ணிச் சுவரில் சாத்திவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்தான். உள்ளே சிவப்பு ரிப்பன் ஒன்று. அவிழ்க்காமல், முடிச்சுக்குப் பக்கத்தில் வெட்டி எடுத்தது. முடிச்சு அப்படியே இருந்தது. இரண்டு சுற்று, உள்ளே விட்ட நுனி, ஒரு சாண் வால்.

"இருவது வருசமா உங்க முடிச்ச அவிழ்த்துட்டிருக்கேன். எனக்குத் தெரியாதாண்ணே? திங்கக்கெழம சாயந்தரம் அந்தப் பையன் போன் போட்ட சேதி வந்ததுமே நான் போயி எடுத்துட்டேன்."

"தெரிஞ்சுமா அவன அனுப்பினே?"

"நான் எங்க அனுப்பினேன்? நான் வாயத் திறக்கல, அவ்வளவுதான். பார்க்கலேன்னு சொன்னது நீங்க." அவன் குரலில் கோபம் இல்லை. "நம்ம ரிப்பன்னு தெரிஞ்சா கம்பெனிய மூடிருவாங்க. பதினாலு குடும்பம். அந்தப் பக்கம் ஒருத்தன். நான் வேற என்ன செய்யணும், சொல்லுங்க."

 சொல்ல வேண்டியதை இந்த மனிதனிடம் வந்து சொன்னால் தன்னைத் திட்டுவான், வேலையை விட்டு அனுப்புவான், அதோடு ஏதோ ஒன்று சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் சுகுமாறன் வந்திருந்தார்.

"நான் எழுதிக் கொடுக்கிறேன்" என்றார். "அவன் பேர எடுக்கச் சொல்லி."

"யாருக்கு எழுதுவீங்க? ஃபைல மூடியாச்சு. டெவலப்பர் அபராதம் கட்டிட்டாரு. அந்த ரோட்டக்கூட மூட வேணாம்னு பேசிட்டிருக்காங்க. ஜாகிங் டிராக் ஆக்கப்போறாங்களாம், மரம் ரெண்டு நட்டு. பிரோஷர்லயும் வருதாம்." ஜெயராஜ் முதல் தடவையாக லேசாகச் சிரித்தான். "நல்ல லைன்ணே அது. எஞ்சினியரே சொன்னாரு. ஏத்தமே தெரியலையாம்."

வெளியே பிக்கப் லாரியின் ஹாரன் கேட்டது. ஆட்கள் வந்துவிட்டார்கள். இன்றைக்குப் பந்திங் பக்கம் வேலை. தட்டையான நிலம், செம்பனை வரிசை, ஒரு மேடு கிடையாது.

ஜெயராஜ் அலமாரியைத் திறந்து சிவப்பு ரிப்பன் சுருள் நான்கை எடுத்துச் சுகுமாறனின் பையில் போட்டான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, அடித்தட்டில் தேடி ஒரு நீலச் சுருளை எடுத்தான். பிரிக்காதது. மேலே தூசி படிந்திருந்தது.

"ஓடறதுக்கு இனிமே இதக் கட்டுங்கண்ணே. நீலத்தப் பார்த்து எவனும் வெட்ட மாட்டான்."

சுகுமாறன் அந்தச் சுருளைப் பார்த்தார். விலை ஒரு வெள்ளியோ இரண்டு வெள்ளியோ இருக்கும். இவ்வளவு நாளும் அது இதே அலமாரியில், சிவப்புக்கு ஒரு தட்டுக் கீழே இருந்திருக்கிறது.

ஹாரன் மறுபடி கேட்டது. அவர் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.